பழைய படப்பெட்டி: தாத்தா ஏறிய ஏரோப்ளேன்

சென்ற இதழில், பொட்டல் வெளியில் நிற்கும் இரட்டை இறக்கை விமானத்தின் படம் ஒன்றைப் போட்டு, உங்கள் வீட்டு ஆல்பத்திலோ பரணிலோ இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். ஒரு துணிப்பை நிறைய கடிதங்கள் வந்துவிட்டன. பலர் படத்தின் நகலையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பூதக்கண்ணாடியோடு பத்து நாள் உட்கார்ந்தேன். இந்த முறை விமானப் படங்கள் மட்டும்தான். கல்யாணப் படங்கள் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பல்லாவரம் வாசகர் ஒருவர்: "எங்கள் ஊரில்தான் முதல் விமானம் பறந்தது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் மீனம்பாக்கம் இருப்பதால் சொல்கிறாரா, உண்மையிலேயே ஏதாவது நடந்ததா?"

நடந்தது ஐயா. மீனம்பாக்கத்தில் விமானத்தளம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, 1910 மார்ச் மாதம். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர் தானே வரைந்து, தானே செலவு செய்து ஒரு விமானம் கட்டினார். அதற்கு முந்தைய வருடம் ஜூலை 25ஆம் தேதி பிரான்ஸின் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து தாண்டியிருந்தார். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது. சென்னையில் ஒரு ஹோட்டல்காரருடைய தூக்கத்தையும் கெடுத்திருக்கிறது.

விமானத்தை யார் செய்து கொடுத்தார்கள் தெரியுமா? கோச்சு வண்டிகளுக்குப் பேர் போன சிம்சன் கம்பெனி பட்டறை. சாரட்டுக்கு மரம் இழைத்த கைகள்தான் இறக்கைக்கும் மரம் இழைத்தன. அதைப் பல்லாவரத்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் கட்டணம் வைத்து மக்களுக்கும் காட்டினார்கள். அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனைக்கு அக்கரையில் நைனியில் இறங்கியது 1911 பிப்ரவரி 18. உலகத்தின் முதல் அதிகாரப்பூர்வ விமானத் தபால் என்று அதைத்தான் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். பல்லாவரம் அதற்குப் பதினோரு மாதம் மூத்தது.

'முதல்' என்ற பட்டத்தில் எனக்குப் பெரிய மோகம் இல்லை. அந்தத் தச்சர்கள்தான் என் மனத்தில் நிற்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாருடைய கொள்ளுத்தாத்தாவாவது அந்தக் காலத்துச் சிம்சனில் தச்சராகவோ தையல்காரராகவோ இருந்திருந்தால், வீட்டில் இருக்கும் பட்டறை குரூப் போட்டோவை எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அதில் விமானம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி: "என் பாட்டனார் தபால் இலாகாவில் இருந்தவர். சிறிய விமானம் ஒன்றின் முன்னால் தலைப்பாகையோடு நிற்கிறார், காலடியில் மூட்டை. 1920 என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?"

சரியில்லை அம்மா, கொஞ்சம் பிந்தியது. நீங்கள் அனுப்பிய நகலில் விமானத்தின் வயிற்றுப் பக்கம் பெரிய எழுத்தில் 'வி.டி.' என்று தொடங்குகிறது பாருங்கள். இந்தியாவில் பதிவான விமானங்கள் அந்த எழுத்துகளுக்கு மாறியது 1929 வாக்கில். அதற்கு முன்பு 'ஜி' என்று தொடங்கும். ஆகவே படம் 1929க்கு முந்தியதாக இருக்க முடியாது.

அடுத்து இறக்கையைப் பாருங்கள். ஒற்றை இறக்கை, கூரை மாதிரி மேலே இருக்கிறது. கீழே கதவு வைத்த மூடிய அறை. இது பஸ் மாத் (Puss Moth) என்ற வகை. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹூவுக்கு ஓட்டி வந்தது இந்த வகையைத்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பொறுப்பேற்று, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்குத் தபால் கொண்டுவந்து சேர்த்தார். கராச்சியில் ஏற்றிய தபால் மொத்தம் 25 கிலோ, ஒரு அரிசி மூட்டை அளவு. உங்கள் பாட்டனார் காலடியில் இருப்பதும் ஏறக்குறைய அந்த அளவு மூட்டைதான். அவர் நிற்பது அந்த முதல் நாளில் என்று நான் சொல்லமாட்டேன், அதற்குப் படத்தில் ஆதாரம் கிடையாது. முப்பதுகளின் சென்னைத் தபால் விமானம் என்று தைரியமாக எழுதி வைக்கலாம்.

டாட்டாவின் விமானக் கம்பெனி ஃபாக்ஸ் மாத் என்ற இன்னொரு வகையும் வைத்திருந்தது. அதில் பயணியும் தபாலும் முன்னால் மூடிய அறைக்குள் இருக்கும், ஓட்டுகிறவர் பின்னால் திறந்தவெளியில் உட்கார்ந்திருப்பார். மழை வந்தால் கடிதம் நனையாது, ஓட்டுகிறவர் நனைவார். உங்கள் வீட்டில் வேறு படங்கள் இருந்தால், இறக்கைக்குப் பின்னால் தோல் தொப்பி போட்ட தலை ஒன்று தனியாக எட்டிப்பார்க்கிறதா என்று தேடுங்கள்.

தூத்துக்குடி மாணவர் ஒருவர்: "ரைட் சகோதரர்கள் பறக்கும் படம் உண்மையானதா? இருவரும் விமானத்தோடு இருக்கும்போது எடுத்தது யார்?"

நல்ல கேள்வி தம்பி. எடுத்தவர் பெயர் ஜான் டேனியல்ஸ். அமெரிக்காவில் கில் டெவில் ஹில்ஸ் கடற்கரையில் உயிர்காக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஆர்வில் ரைட் கேமராவை முக்காலியில் வைத்து, எந்த இடம் சட்டத்துக்குள் வரவேண்டும் என்று முன்கூட்டியே குறிபார்த்து, "தண்டவாளத்தின் முனைக்கு வந்ததும் இந்த ரப்பர் குமிழை அழுத்து" என்று சொல்லிவிட்டு விமானத்தில் படுத்துக்கொண்டார். டேனியல்ஸ் அதற்கு முன் படம் எடுத்ததே இல்லை. 1903 டிசம்பர் 17, 12 விநாடி, 120 அடி. கண்ணாடி பிளேட்டை ஊருக்கு எடுத்துப்போய்க் கழுவிப் பார்த்த பிறகுதான் படம் விழுந்திருப்பதே தெரிந்தது. வலது பக்கம் நிற்பவர் வில்பர். அவர் பக்கத்து மணலில் காலடித் தடங்கள் தெரியும், பெரிதாக்கிப் பார்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: "என் தாத்தாவும் ஆச்சியும் ரங்கூனிலிருந்து விமானத்தில் வந்தபோது எடுத்த படம் இது. எந்த விமானம், எந்த வருடம் என்று சொல்ல முடியுமா? பேரப்பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை."

சகோதரி, வந்த படங்களிலேயே நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது உங்களுடையதைத்தான். தாத்தா அங்கவஸ்திரத்தோடு, ஆச்சி கழுத்து நிறைய நகையோடு, இரண்டு பேரும் தோள் ஒட்டி விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் மேகம். என்ன ஒரு கம்பீரம்.

கீழே இடது மூலையைப் பாருங்கள். ஜமுக்காளத்தின் கோடு தெரிகிறது. இறக்கையின் நிழல் மேகத்தின் மேல் விழுந்திருக்கிறது. நிஜ மேகத்தின் மேல் அப்படிப் பக்கவாட்டில் நிழல் விழாது, திரைச்சீலையில்தான் விழும். சக்கரத்தில் இருப்பவை சைக்கிள் கம்பிகள். முன் விசிறி சுற்றுகிற மாதிரி வெள்ளைப் பூச்சால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். இது ஸ்டூடியோவில் எடுத்த படம். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வர்ணம் அடித்து, பின்னால் பெஞ்சு போட்டு உட்கார வைப்பார்கள்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். பதினாறு வயதில் திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலையே அப்படிப்பட்ட ஏரோப்ளேனைத் துடைத்து வைப்பதுதான். ஒட்டுப்பலகையில் செய்தது, பக்கத்தில் ஒரு மரக்கார், அதற்குப் பக்கத்தில் பிறைநிலா. திருவிழா நாட்களில் மூன்றையும் கைவண்டியில் ஏற்றிப் பொருட்காட்சித் திடலுக்குக் கொண்டுபோவோம். நிலாவில் புதுமணத் தம்பதிகள் உட்காருவார்கள். ஏரோப்ளேனில் குடும்பம் குடும்பமாக உட்காருவார்கள். உட்கார்ந்ததும் முகம் மாறிவிடும். அதுவரை பேரம் பேசிக்கொண்டிருந்தவர் கூட நிமிர்ந்து தூரத்தில் எதையோ பார்ப்பார்.

தாத்தா பொய் சொல்லிவிட்டார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 1933 கடைசியிலேயே கராச்சி, கல்கத்தா, ரங்கூன் வழியாகச் சிங்கப்பூர் வரை விமானப் போக்குவரத்து வந்துவிட்டது. வசதி உள்ளவர் ஒருவர் கல்கத்தா வரை பறந்து, மிச்சத்தை ரயிலில் வந்திருக்க முடியும். பெரும்பாலானவர்கள் கப்பலில்தான் வந்தார்கள் என்பதும் உண்மை. படம் இரண்டில் எதையும் நிரூபிக்காது. வீட்டில் பழைய பாஸ்போர்ட், டிக்கெட் அடிக்கட்டை, வட்டிக்கடைப் பேரேடு ஏதாவது இருந்தால் தேதியைத் தேடுங்கள். பேரேட்டில் பயணச் செலவு எழுதாமல் விடுகிற குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் குறைவு.

சட்டம் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். பின்னால் "ஸ்டூடியோவில் எடுத்தது" என்று மட்டும் எழுதிவிடுங்கள். ஆச்சி ஏரோப்ளேனில் உட்கார ஆசைப்பட்ட ஒரு நாள் அதில் இருக்கிறது, அது நடந்த விஷயம்தான்.

செங்குன்றம் வாசகர்: "எங்கள் பெரியப்பா வைத்திருந்த படத்தில் ஏரித் தண்ணீரில் ஒரு விமானம் நிற்கிறது. விழுந்துவிட்டதா? கரையில் மக்கள் சாதாரணமாக நிற்கிறார்களே?"

விழவில்லை ஐயா, அது இறங்கி நிற்கிறது. படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது என்றால் நம்புங்கள். இரண்டாம் உலகப் போரில் உங்கள் புழல் ஏரி ஒரு விமானத்தளமாக இருந்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் 1942 முதல் அங்கே கேட்டலினா என்ற பறக்கும் படகுகளை வைத்திருந்தது. ஓடுதளமே தேவையில்லை. தண்ணீரிலிருந்து எழும்பும், தண்ணீரில் இறங்கும். வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடிச் சுற்றுவது அவற்றின் முக்கியமான வேலை.

உங்கள் படத்தில் அடையாளம் தெளிவாக இருக்கிறது. இறக்கை உடம்போடு ஒட்டாமல், குடைக்குக் காம்பு மாதிரி ஒரு தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு எஞ்சின்கள் அதன் மேல். பின் பக்கம் உடம்பில் கொப்புளம் மாதிரி கண்ணாடிக் கூடு புடைத்திருக்கிறது. இறக்கையின் நீளம் 104 அடி. கரையில் நிற்பவர்களை அதன் பக்கத்தில் கற்பனை செய்து பாருங்கள்.

இந்த வகை எவ்வளவு நேரம் பறக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் இலங்கையின் கொக்கலைக்கும் நடுவே கேட்டலினாக்கள் எங்கும் இறங்காமல் பறந்தன. 28 மணி முதல் 32 மணி நேரம். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்ப்பார்கள்.

போர்க்காலத்தில் இத்தகைய இடங்களைப் படம் எடுக்கத் தடை இருந்தது. அப்படியிருக்க, பெரியப்பா கையில் இந்தப் படம் எப்படி வந்தது? தளத்தில் வேலை பார்த்தாரா? வெள்ளைக்காரச் சிப்பாய் யாராவது கொடுத்துவிட்டுப் போனாரா? வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். கரையில் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நிற்கிறார், அவருக்குப் பின்னால் இரண்டு சிறுவர்கள். விமானத்தைப் பற்றி எழுத உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரை உங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் சொல்ல முடியும்.

கயத்தாறிலிருந்து ஒரு வாசகர் போர்க்கால ஓடுதளத்தின் பழைய படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே என்று வருந்தியிருக்கிறார்.

காரணம் மேலே சொன்ன தடைதான் ஐயா. உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு ஓடுதளங்களுக்கும் இதே கதை. சோழவரத்துக்கு மட்டும் அதிர்ஷ்டம், பிற்காலத்தில் அந்த ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்ததால் படங்கள் ஏராளம். போர் முடிந்து ஓடுதளம் சும்மா கிடந்த காலத்தில் எடுத்த படங்களைத் தேடுங்கள். பள்ளிக்கூடச் சுற்றுலா, புது சைக்கிளோடு நிற்கும் மாமா, இந்த மாதிரி படங்களின் பின்னணியில் கான்கிரீட் தரை தெரியும்.

கொழும்பு வாசகர் ஒருவரும் சிங்கப்பூர் வாசகி ஒருவரும் ஆளுக்கொரு படம் அனுப்பி, தங்கள் ஊர் முதல் விமான நிலையம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

கொழும்புக்காரருக்கு: இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27. அதுவும் ஒரு பஸ் மாத். ஓட்டி வந்த டிண்டேல் பிஸ்கோ, மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர். ஆக, உங்கள் படத்தில் 'வி.டி.' இருப்பதில் குழப்பமே இல்லை, அது இந்தியப் பதிவு.

சிங்கப்பூர்ச் சகோதரிக்கு: உங்கள் அப்பா நிற்பது காலாங் விமான நிலையம். 1937 ஜூன் 12ஆம் தேதி திறந்தார்கள். வட்டமான புல்தரை, பக்கத்திலேயே கடல் விமானங்கள் இறங்கும் நீர்ப்பரப்பு. 1955இல் பாய லேபாருக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கட்டடம் இன்னும் இருக்கிறது. அதே இடத்தில் உங்கள் பிள்ளைகளை நிறுத்தி ஒரு படம் எடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: "மூடிய ஸ்டூடியோ ஒன்றின் பரணிலிருந்து ஒரு பெட்டிக் கண்ணாடி பிளேட்டுகள் கிடைத்தன. ஒன்றில் இரட்டை இறக்கை விமானமும் பெரிய கூட்டமும் தெரிகிறது. பூஞ்சை பிடித்திருக்கிறது. கழுவலாமா?"

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டூடியோவில் மாடிப்படிக்கு அடியில் அந்த மாதிரி நூற்றுக்கணக்கான பிளேட்டுகள் அடுக்கியிருந்தன. ஃபிலிம் வந்துவிட்டது, இடம் அடைக்கிறது என்று ஒரு நாள் முதலாளி எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்தால் மேலே இருக்கும் படலம் ஆடை மாதிரி கழன்று வந்துவிடும். சுத்தமான கண்ணாடியைப் படச்சட்டம் போடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் பல ஊர்களில் இதுதான் நடந்தது. மூன்று நாள் நான்தான் கழுவினேன்.

அதில் ஒரு பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மைதானம், நடுவில் சின்ன விமானம், சுற்றிலும் தலைகள். நெகட்டிவ் என்பதால் முகமெல்லாம் கறுப்பு, தலைமுடி வெள்ளை. குறைந்தது இருநூறு பேர். ஒரு சிறுவன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, மேலே கை காட்டிக்கொண்டிருந்தான். எந்த ஊர், எந்த வருடம், எதுவும் எழுதியிருக்கவில்லை. தொட்டியில் போட்டேன். இருநூறு பேரும் பழுப்புத் தண்ணீராகப் போனார்கள். அன்று ஒன்றும் தோன்றவில்லை. பத்து வருடம் கழித்துத் தோன்ற ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. இந்தப் பக்கத்தை நான் எழுத ஒத்துக்கொண்டதே அந்த ஒரு பிளேட்டுக்காகத்தான்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. பிளேட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். இரண்டு பக்கத்தில் மங்கலாக இருக்கும் பக்கம்தான் படலம், அதில் விரல் படக்கூடாது, துணியும் படக்கூடாது. பளபளப்பான பக்கத்தை மட்டும் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டலாம். பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுத்து, காற்றோட்டமான நிழலில் வைத்துக் காயவிடுங்கள், வெயில் கூடாது. பிறகு ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகிதத்தில் மடித்து, புத்தகம் அடுக்குகிற மாதிரி நீண்ட விளிம்பில் நிற்க வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டால் அடியில் இருப்பது உடையும். ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு இருந்தால் பயப்படாதீர்கள், படலத்தில் உள்ள வெள்ளி மேலே வந்திருக்கிறது, அதைத் துடைக்கக்கூடாது. உடைந்த துண்டுகளை செல்லோடேப் போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள்.

படம் பார்க்க அவசரமாக இருக்கும், எனக்கும் அவசரமாகத்தான் இருக்கிறது. லேப்டாப் திரையை முழு வெள்ளையாக வைத்து, நாலு விரல்கடை முன்னால் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு செல்போனில் எடுங்கள். போனிலேயே நிறத்தைத் தலைகீழாக மாற்றும் வசதி இருக்கும். மாற்றியதும் முகங்கள் வந்துவிடும்.

விமானம் எந்த வகை என்பதை நான் பார்த்துச் சொல்கிறேன், அது சின்ன வேலை. நீங்கள் கூட்டத்தைத் துண்டு துண்டாகப் பெரிதாக்கி பிரிண்ட் போடுங்கள். பின்னால் தெரிகிற கோபுரமோ, ஆலமரமோ, மில் புகைபோக்கியோ ஊரைக் காட்டிக்கொடுக்கும். ஊர் தெரிந்ததும் அங்கே போய், தொண்ணூறை நெருங்கியவர்கள் இருக்கும் வீடுகளாகப் பார்த்துக் காட்டுங்கள். யாராவது ஒரு முகத்தைச் சுட்டிக்காட்டினால், பிரிண்டின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் அந்தப் பெயரை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், மறுபக்கம் தடம் விழும்.

தோளில் உட்கார்ந்த பையன் யாராவது இருந்தால் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள். பத்திரிகை அலுவலகத்தில் கேட்டால் நம்பர் கொடுப்பார்கள்.